வெளி மாநிலத்தில் விழுந்த ஃபைன்: கட்டுவதா, விட்டுவிடுவதா?

2024 ஜூன் 9 – வாசகர் கேள்வி

மே மாதம் குடும்பத்தோடு குருவாயூர் போய் வந்தோம். நேற்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. சீட் பெல்ட் போடவில்லை, கேரளாவில் 500 ரூபாய் ஃபைன் என்று. வண்டி டிஎன் 37. "அவங்க போட்ட கேஸ் இங்க செல்லாதுங்க, கட்டவே வேண்டாம்" என்கிறார் எங்கள் ஒர்க்‌ஷாப்காரர். உண்மையா?

2024 ஜூன் 9, இரவு

உண்மையில்லை. அவர் சொல்வது தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்த காலத்துக் கதை. இப்போது செலான், அதாவது ஃபைன் சீட்டு, உங்கள் வண்டி எண்ணின் கீழ் கணினியில் ஏறிவிடுகிறது. எந்த ஊரில் போட்டாலும் வண்டியோடு வீட்டுக்கு வந்துவிடும். நீங்கள் மறந்தாலும் அது மறக்காது. வண்டியை விற்கும்போது, பெயர் மாற்றும்போது, என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று கேட்கும்போது நிலுவை என்று நிற்கும்.

ஆனால் உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் படத்தைப் பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணும், சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் கொடுத்தால் செலான் வரும். அதில் படம் இருக்கும். உங்கள் வண்டிதானா, உங்கள் ஆள்தானா, அன்றைக்கு அங்கே போனீர்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

2024 ஜூன் 10

ஏன் படம் படம் என்கிறேன் என்றால், நான் பட்ட அனுபவம் அப்படி. பம்ப்செட் உதிரி பாகம் விற்கிற தொழில் எனக்கு. கோவையிலிருந்து மாதத்தில் இரண்டு தடவையாவது பாலக்காடு, திருச்சூர், இல்லையென்றால் ஓசூர், பெங்களூரு.

போன அக்டோபரில் திருச்சூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனோம். நான் ஓட்டினேன், பக்கத்து சீட்டில் அப்பா. வாளையார் தாண்டி ஒரு கடையில் டீ. கிளம்பும்போது அப்பா பெல்ட் போடவில்லை, நானும் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து செலான் வந்தது. படத்தைத் திறந்தால் கறுப்பு வெள்ளையில், கண்ணாடிக்குள் நாங்கள் இரண்டு பேரும். என் தோளில் பெல்ட் குறுக்கே போகிறது. அப்பா மடியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம், ஒரு கை அதற்குள். அவர் தோளுக்குப் பின்னால் பெல்ட்டின் கொக்கி கதவோரம் தொங்குவதுகூடத் தெரிகிறது. இதற்கு மேல் என்ன வாதாடுவது? அன்றைக்கே 500 கட்டினேன்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சிப்ஸ்கூடத் தெரியுதேப்பா" என்றார்.

கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் இப்படிப் படம் எடுக்கும் சாலைக் கேமராக்கள் ஃபைன் போடுகின்றன. மொத்தம் 726. அதில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டும்போது செல்போன் ஆகியவற்றைப் பார்க்கத்தான். முன் சீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும் பெல்ட் வேண்டும். ஓட்டுகிறவர் போட்டால் போதும் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது பெல்ட் போடாததற்கு 1000 ரூபாய் என்று வைத்தார்கள். இடத்திலேயே கட்டி முடிக்கும் தொகையை மாநிலம் நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 200-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் ஒரே தப்புக்குக் கோவையில் 1000, பாலக்காட்டில் 500. தொகை குறைவாக இருக்கிறதே, போலியோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

2024 ஜூன் 10, மாலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாமே பரிவாகனில் தெரியும் என்கிற மாதிரி சொல்லிவிட்டேன். பெங்களூரு அப்படி இல்லை. அங்கே நகரப் போலீஸ் போட்ட கேஸ்கள் பரிவாகனில் காட்டாமல் இருந்து, அவர்களுடைய தளத்தில் தேடியபோது வரிசையாக வந்தன. பெங்களூரு போய் வந்தவர்கள் இரண்டு இடத்திலும் பாருங்கள்.

2024 ஜூன் 16

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். 15 நாளுக்குள் நோட்டீஸ் வராவிட்டால் செலான் செல்லாது என்று எங்கோ படித்தாராம். அவருக்கு வந்தது 24-ஆவது நாள்.

பாதி சரி. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கேமராவால் போடும் கேஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான விதி. தப்பும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிகிற படம், கருவி எடுத்த அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்கிற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கேமரா இருக்கிற பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் போக வேண்டும். இவ்வளவும் அதில் உண்டு.

ஆனால் 16-ஆவது நாள் செலான் தானாக ரத்தாகிவிடாது. தாமதம் என்பது நீங்கள் எதிர்த்து வாதாடும்போது எடுத்து வைக்கலாம் என்கிற ஒரு புள்ளி, அவ்வளவுதான். பெல்ட் போடாதது உண்மை என்றால், 500 ரூபாய்க்காக அந்த வழியில் போக வேண்டாம் என்பதே என் எண்ணம். செய்யாத தப்புக்கு வந்திருந்தால் 50 ரூபாய் என்றாலும் விடாதீர்கள்.

2024 ஜூலை 2

செலானே வரவில்லை, அதனால் கேஸ் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு.

2022-ல் எங்கள் பழைய ஆல்டோவை ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு விற்றேன். பணம் கைமாறிவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "அண்ணா, பேர் மாத்தப் போனா கர்நாடகாவுல ஆயிரம் ரூபா நிலுவைங்கிறாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லையே என்று தேடினால், ஆர்சியில் இருந்தது நான் விட்டுப்போன பழைய செல் எண். நானும் அந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவன், எண்ணைப் புதுப்பிக்கவே இல்லை. அவர் என்னை நம்பிப் பணம் கொடுத்தவர். அன்று மாலையே கட்டி, ரசீதை அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன்.

ஆகவே வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் வாகன் தளத்தில் உங்கள் செல் எண் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விற்கிறவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு நிலுவையைப் பார்த்துவிடுங்கள்.

2024 ஜூலை 21

இன்னொருவர்: பரிவாகனில் "நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது" என்று காட்டுகிறது, கட்ட முடியவில்லை, எர்ணாகுளம் வரை போக வேண்டுமா?

வேண்டாம். கெடு தாண்டினால் செலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். விர்ச்சுவல் கோர்ட் என்றே எல்லோரும் சொல்கிறோம். 2019-ல் டெல்லியில் முதலில் தொடங்கியது, இப்போது பல மாநிலங்களில் உண்டு. அந்தத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கேஸ் வரும், நீதிமன்றம் சொல்லும் தொகையை அங்கேயே கட்டலாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எதிர்க்கிறேன் என்று தேர்ந்தெடுக்கலாம். அப்போது வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கு மாறும். வெளியூர்க்காரருக்கு அலைச்சல் அங்கேதான் ஆரம்பம்.

நான் ஒரு மணி நேரம் வீணாக்கிய இடத்தைச் சொல்கிறேன். முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நான் தமிழ்நாடு என்று போட்டுப் போட்டுத் தேடினேன், எதுவும் வரவில்லை. கேஸ் இல்லைபோல என்று மூடப் போனேன். வண்டி எந்த மாநிலம் என்பதல்ல, தப்பு எந்த மாநிலத்தில் நடந்தது என்பதைத்தான் போட வேண்டும். சில மாநிலங்களில் போலீஸ் தனி, போக்குவரத்துத் துறை தனி என்று இரண்டாக இருக்கும். இரண்டிலும் தேடுங்கள்.

2024 ஆகஸ்ட் 4

மைசூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கவனிக்க. பெங்களூரு–மைசூர் விரைவுச் சாலையில் கார் வேகம் 100 வரைதான். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து கர்நாடகத்தில் 130-ஐத் தாண்டினால் ஃபைனோடு போகாது, எஃப்ஐஆர் போடுகிறார்கள். வெளியூர்க்காரருக்கு எஃப்ஐஆர் என்றால் எத்தனை தடவை அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு அந்தச் சாலையே கிடையாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றுக்கும் தடை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

கேரளாவில் பைக்குக்கு 2023 ஜூலை 1 முதல் அதிகபட்ச வேகம் 60. அதற்கு முன் 70. கார்களுக்குக் கூட்டியபோது பைக்குக்கு மட்டும் குறைத்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, அதிரப்பள்ளி என்று கூட்டமாகப் போகும் தம்பிகளில் இதைத் தெரிந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அங்கே வேகத்துக்கு 1500, செல்போனுக்கு 2000. ஊர் எல்லை தாண்டினால் பலகை மாறும், கண் அதில் இருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 18

கேமரா அல்லாமல் ஆளே நிறுத்தினால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கை தானாக பர்ஸுக்குப் போகிறது. எனக்கும் போயிருக்கிறது. இப்போது நான் செய்வது: ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு டிஜிலாக்கர் என்கிற அரசு ஆப்பைத் திறந்து காட்டுவேன். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருக்கிற லைசென்சும் ஆர்சியும் அசலுக்குச் சமம், 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. மலை ஏறும்போது சிக்னல் இருக்காது, அதனால் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு என்னுடையது என்றால் செலான் போடச் சொல்வேன். பணமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகர மாட்டேன். ஒரு தடவை, எந்த மாநிலம் என்று சொல்லவில்லை, "முந்நூறு குடுத்துட்டுப் போங்க" என்றார் ஒருவர். செலானாகவே போட்டுவிடுங்கள் சார், வீட்டில் போய்க் கட்டிக்கொள்கிறேன் என்றேன். மறுபடி கேட்கவில்லை, போகச் சொல்லிவிட்டார்.

லைசென்ஸைப் பறிமுதல் செய்தால் தற்காலிக ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள். 206-ஆவது பிரிவில் அது இருக்கிறது. லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்டலாம். சீட்டு இல்லாமல் ஊர் திரும்பினால் அடுத்த செக்போஸ்ட்டில் லைசென்ஸே இல்லாதவர் கணக்குத்தான், 5000 ரூபாய்.

2024 அக்டோபர் 6

கண்ணாடி ஃபிலிம். கேட்காத ஆளில்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒட்டுவதையே நிறுத்தியது. 2021-ல் விதி மாறியது. முன்னும் பின்னும் 70 விழுக்காடு, பக்கவாட்டில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வந்தால் போதும். போன மாதம் கேரள உயர் நீதிமன்றமும் அந்த அளவுக்குள் இருந்தால் ஃபைன் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. உள்ளே இருப்பவர் யாரென்றே தெரியாத கறுப்பு எங்கேயும் ஆகாது. அதைக் கிழித்துவிட்டே கிளம்புங்கள்.

2024 நவம்பர் 24

சபரிமலை சீசன். ஆக்டிங் டிரைவர் வைத்துப் போகிறவர்கள் நிறைய. வழியில் விழும் ஃபைன் யாருக்கு?

செலான் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்ல வேண்டியது உரிமையாளர் கடமை, 133-ஆவது பிரிவு. டிரைவரின் லைசென்ஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போன தேதியையும் எழுதி வையுங்கள்.

ஆனால் பணத்தை யார் போடுவது? நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். அவர் வண்டிகள் குஜராத், ஒடிசா என்று ஓடுகின்றன. ஃபைன் மட்டும் நாமக்கல் வந்து சேரும். அவர் சொன்னார்: "பெல்ட் போடாம வந்தா டிரைவர் கணக்கு. டயர், லைட்டு, பேப்பர், லோடு இதுல வந்தா என் கணக்கு. ஸ்பீடுன்னா நான் எத்தனை மணிக்கு வந்து சேரச் சொன்னேன்னு முதல்ல யோசிப்பேன்." அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ராத்திரிக்குள் பம்பைக்குப் போயாக வேண்டும் என்று பின் சீட்டிலிருந்து விரட்டிவிட்டு, ஃபைன் வந்ததும் டிரைவர் சம்பளத்தில் பிடிப்பது அநியாயம்.

2025 ஜனவரி 19

அவசரமாக எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் செலான் என்று ஒரு கோப்பு வந்தால் தொடாதீர்கள். எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வந்தது. அவர் வண்டி எண்ணும் அதில் சரியாக இருந்தது. முந்தின வாரம்தான் மூணாறு போய் வந்தவர், உண்மை என்றே நம்பிவிட்டார். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தது. அழுத்தியதும் ஏதோ ஆப் ஏறியிருக்கிறது, அன்று இரவே கணக்கிலிருந்து பணம் போனது.

அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்றுதான் முடியும். செய்தியில் இருக்கும் இணைப்பை அழுத்த வேண்டாம், நீங்களே தளத்தைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். சார் வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

2025 மார்ச் 9

போன ஜூனில் "செய்யாத தப்புக்கு வந்தால் விடாதீர்கள்" என்று எழுதினேன். அது எனக்கே வந்துவிட்டது. வேறு மாநிலத்து நகரம் ஒன்று, பெயர் வேண்டாம். ஹெல்மெட் இல்லை என்று என் கார் எண்ணுக்கு செலான்! படத்தில் வெள்ளை ஸ்கூட்டர், அதுவும் தமிழ்நாட்டு வண்டிதான். பெரிதாக்கிப் பார்த்தேன். என் எண்ணின் கடைசி இலக்கம் 8, அந்த ஸ்கூட்டருக்கு 3. பிளேட்டை முடுக்கிய போல்ட்டும் அதைச் சுற்றிய துருக்கறையும் 3-இன் திறந்த பக்கத்தை அடைத்து 8 போலக் காட்டுகின்றன. கேமரா தப்பாகப் படித்துவிட்டது, சரி; யாராவது ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா?

பரிவாகனில் புகார் பதிவு செய்திருக்கிறேன். இணைத்தவை: ஆர்சி, காரின் முன்புறப் படம், அந்த ஸ்கூட்டர் பிளேட்டைப் பெரிதாக்கிய படம், அந்த நாளுக்கான ஃபாஸ்டேக் கணக்கு. செலானில் போட்டிருக்கும் நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால் என் கார் கணியூர் டோல்கேட்டைத் தாண்டியிருக்கிறது. இருந்த இடத்துக்கு ஃபாஸ்டேக் மாதிரி சாட்சி வேறில்லை. கணக்கை உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 20

பதில் இல்லை. அந்த ஊர் போக்குவரத்துப் போலீஸ் மின்னஞ்சலுக்கும் அதே ஆவணங்களை அனுப்பினேன். வீட்டில் "500 ரூபாதானே, கட்டித் தொலைங்க" என்கிறார்கள். கட்டினால் நான் ஒத்துக்கொண்டதாகத்தானே ஆகும்?

2025 மே 11

செலான் நீக்கப்பட்டது. இரண்டு மாதம். இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பதில் போட்ட அலுவலர் ஒரே வரியில் வருத்தம் தெரிவித்திருந்தார். அந்த ஒரு வரி எனக்குப் போதுமாக இருந்தது.

2025 ஆகஸ்ட் 24

கர்நாடகத்தில் நிலுவைக்கு மறுபடி பாதித் தள்ளுபடி, நேற்று தொடங்கி செப்டம்பர் 12 வரை. 2023 பிப்ரவரியில் இப்படி விட்டபோது என்னுடைய மூன்று பெங்களூரு கேஸ்களைப் பாதித் தொகையில் முடித்தேன்.

அப்படியென்றால் உடனுக்குடன் கட்டியவன் ஏமாளியா என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஒழுங்காகக் கட்டியவருக்கு முழுத் தொகை, மூன்று வருடம் இழுத்தவருக்குப் பாதி என்பது எனக்கும் சரியாகப் படவில்லை. நான் அதில் பயன் அடைந்தவன் என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தள்ளுபடி வரும் என்று காத்திருக்காதீர்கள். எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது, அதற்குள் கேஸ் கோர்ட்டுக்குப் போய்விடலாம், வண்டியை விற்க வேண்டி வரலாம். ஏற்கெனவே நிலுவை இருந்தால் இந்த மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள்.

2025 செப்டம்பர் 14

முதலில் கேள்வி கேட்ட குருவாயூர்க்காரர் எழுதியிருக்கிறார். போன வருடமே கட்டிவிட்டாராம். இந்த ஆவணியில் மறுபடி குடும்பத்தோடு போய் வந்திருக்கிறார். இன்று காலை வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தாராம், எதுவும் இல்லை.

நாங்களும் ஓணத்துக்குத் திருச்சூர் போனோம். அதே டீக்கடை. அப்பா ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்து மாட்டினார், அப்புறம்தான் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்.